மூச்சை அடக்கத் தெரிந்த பிள்ளை

சினிமாவில் ஒரு பிள்ளை சாகும்போது நான் அதன் வயிற்றைத்தான் பார்ப்பேன். முகத்தை நான் நம்புவதில்லை. முகம் சொன்னபடி கேட்கும். கண்ணை மூடு என்றால் மூடும், வாயைத் திற என்றால் திறக்கும். வயிறு கேட்காது. எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையானாலும் சட்டைக்குள்ளே அது மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைச் சிந்தும்போது நான் மட்டும் 'இதோ, மூச்சு விடுகிறது' என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். கல் நெஞ்சுக்காரி என்று என் பிள்ளைகளே என்னைப் பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும். இந்த வித்தையில் எனக்கு அனுபவம் உண்டு என்பது அவர்களுக்குத் தெரியாது. ஒன்பது வயதில் நானும் செத்துக் காட்டியிருக்கிறேன். ஒரு தடவை அல்ல, ஏழெட்டுத் தடவை.

அப்போது நான் நீர்வேலியில் பெரியம்மா வீட்டில் இருந்தேன். அம்மா, நான் தவழ்கிற வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டார். ஐயா மலாயாவில் ரயில்வேயில் கிளாக்கர். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தனியாள் என்ன செய்வது என்று என்னை அம்மாவின் அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறினார். லீவில் இரண்டு முறை வந்தார். முதல் முறை எனக்கு நினைவில்லை. இரண்டாம் முறை எனக்கு ஐந்து வயது. படலையைத் திறந்துகொண்டு வந்த ஒரு மெலிந்த மனிதர் என்னைத் தூக்கி, "பிள்ளை, ஐயா வந்திட்டன்" என்றார். அவருடைய கொலர் என் கன்னத்தில் உரசியது. ஐயாவைப் பற்றி எனக்குச் சொந்தமாக இருப்பது அவ்வளவும்தான். மற்றதெல்லாம் மற்றவர்கள் சொல்லக் கேட்டவை. பிறகு யுத்தம் வந்தது, மலாயாவை யப்பான்காரன் பிடித்தான், கடிதம் நின்றுபோனது.

பெரியம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். வயிறாரச் சோறு போட்டார், பள்ளிக்கூடம் அனுப்பினார், ஒரு நாளும் அடித்ததில்லை. அவருடைய மூன்று ஆண்பிள்ளைகளும் வளர்ந்து கொழும்பில் உத்தியோகம் பார்த்தார்கள். பிள்ளை வளர்க்கிற வேலை முடிந்துவிட்டது என்று அவர் மூச்சு விட்ட நேரத்தில் நான் வந்து சேர்ந்தேன் என்று நினைக்கிறேன். அவர் கைகளில் எப்போதும் ஏதாவது இருக்கும். அகப்பை, விளக்குமாறு, தேங்காய்ப் பாதி. வெள்ளிக்கிழமை என் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது மட்டும் அந்தக் கைகள் என்மேல் படும். அதனால் எனக்கு வெள்ளிக்கிழமை பிடிக்கும். எண்ணெய் கண்ணுக்குள் போனாலும் சொல்ல மாட்டேன். சொன்னால் கெதியில் முடித்துவிடுவார்.

யுத்தம் முடிகிற தறுவாயில் பட்டணத்துக் கொட்டகைக்கு ஒரு படம் வந்தது. ஒரு பிள்ளை நடித்த படம். ஊரெல்லாம் அதே கதை. அதுவரை படமே பார்த்திராத பெரியம்மாவைப் பக்கத்து வளவு மாமி விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு போனார். பெண்பிள்ளையைத் தனியே வீட்டில் விடக்கூடாது என்பதால் நானும் போனேன். பகல் காட்சி. பஸ்ஸில் நெரிபட்டுப் போய் இறங்கினால், கொட்டகைக்குள் ஆண்கள் பக்கத்தையும் பெண்கள் பக்கத்தையும் ஒரு படங்குச் சீலையை நீளத்துக்குக் கட்டிப் பிரித்திருந்தார்கள். எங்களுக்கு மூன்றாவது வாங்கில் இருக்க இடம் கிடைத்தது.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. தாயைத் தொலைத்த பிள்ளை ஊர் ஊராகத் தேடிப் போகிறது. மழையில் பாடுகிறது, பசியில் பாடுகிறது, காய்ச்சலிலும் பாடுகிறது. அது ஆணா பெண்ணா என்பதுகூட நிச்சயமில்லை. பெண்பிள்ளைக்குக் குடுமி கட்டி ஆண்பிள்ளை ஆக்கிவிடுகிற காலம் அது. கடைசியில் ஒரு மடத்து வாசலில் விழுந்து கிடக்கும்போது தாய் ஓடி வருகிறாள். பிள்ளை கண்ணைத் திறந்து, கையை நீட்டி, "அம்மா! வந்துவிட்டாயா?" என்று இந்தியத் தமிழில் கேட்டுவிட்டுத் தலையைச் சாய்க்கிறது. செத்துவிட்டது.

பெண்கள் பக்கம் அப்படியே செத்த வீடாகிவிட்டது. முன் வாங்கில் ஒருவர் ஒப்பாரியைத் தொடங்க, பின் வாங்கு எடுத்துக்கொண்டது. தலைமயிரை அவிழ்த்துவிட்டு, ஒருவர் தோளில் ஒருவர் கையைப் போட்டுக்கொண்டு அழுதார்கள். ஆண்கள் பக்கமிருந்து யாரோ, "எணை ஆச்சிமாரே, சத்தம் போடாதையுங்கோ, ஒண்டும் கேக்குதில்லை!" என்று கத்தினார். யார் காதில் விழுந்தது? பெரியம்மா மாமியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "என்ரை குஞ்சு, என்ரை செல்லமே, ஆரைத் தேடி வந்தனி ராசா" என்று நெஞ்சில் அடித்துக் கதறினார்.

நான் திரையைப் பார்த்தேன். செத்துப்போன பிள்ளையின் வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்றையும் கண்டேன். 'வந்துவிட்டாயா' என்று கேட்பதற்கு முன்னால் அதன் கண் ஒரு கணம் இடது பக்கம் போய் வந்தது. தாய் வந்தது வலது பக்கமாக. இடது பக்கம் யாரோ நின்றிருக்கிறார்கள், சொல்லிக்கொடுக்கிறவர்களாயிருக்கும், அல்லது அதன் சொந்தத் தாயாகவும் இருக்கலாம். சரியாகச் செய்கிறேனா என்று அவர்களைப் பார்த்துக்கொண்டது. எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. உண்மையைச் சொன்னால் பொறாமை. உயிரோடு மூச்சு விட்டுக்கொண்டு, பார்க்கிறதற்கு ஆளும் உள்ள ஒரு பிள்ளைக்குப் பெரியம்மாவின் நெஞ்சு இப்படித் துடிக்கிறது. நான் பக்கத்தில் ஒரு முழத் தூரத்தில்தான் இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் வேடிக்கை. வாசல்படியில் கால் வைக்கப்போன பெரியம்மாவை மாமி மறித்தார்.

"என்ன இது, செத்த வீட்டிலை அழுதுபோட்டு அப்பிடியே உள்ளை போறதோ? தோய்ஞ்சுபோட்டுப் போங்கோ."

சாவு வீட்டுத் தீட்டை நாங்கள் துடக்கு என்போம். செத்த வீட்டுக்குப் போய் வந்தால், கிணற்றடியில் தலையோடு குளித்த பிறகுதான் வீட்டுக்குள் போகலாம். பெரியம்மா கொஞ்சமும் யோசிக்காமல், "ஓம், அதுவும் சரிதான்" என்று கிணற்றடிக்குத் திரும்பினார்.

உள்ளே கதிரையில் இருந்த பெரியப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவர் எதையும் பகிடியாக்குகிறவர். "படச் சீலையிலை செத்த பிள்ளைக்கும் துடக்கோ?" என்று கேட்டார்.

முதல் வாளியை ஊற்றிக்கொண்ட பெரியம்மா நனைந்த தலையோடு திரும்பிப் பார்த்தார். "பிள்ளை பொய்யெண்டாலும் நாங்கள் அழுதது பொய்யே?"

படம் ஓடிய வாரங்களில் எங்கள் ஒழுங்கையின் இரண்டு பக்கத்து வீடுகளிலிருந்தும் பகல் காட்சிக்குப் போன பெண்களெல்லாம் பொழுதுபட வந்து கிணற்றடியில் வரிசையாக நின்று தோய்ந்தார்கள். அந்தப் பிள்ளை இன்னும் நாலு தரம் செத்தால் கிணறு வற்றிவிடும் என்று பெரியப்பா சொல்லித் திரிந்தார்.

காலில் புண் என்று படத்துக்குப் போக முடியாத ஒரு கிழவி ஒழுங்கை முடிவில் இருந்தார். பெரியம்மாவும் மாமியும் அவருக்குக் கதையைச் சொல்லப்போய் ஒவ்வொரு தடவையும் பாதியில் சண்டை பிடித்தார்கள்; பிள்ளை எந்தக் கையை நீட்டியது என்று. "வலக் கை" என்று நான் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் முற்றத்தில் விழுந்து செய்து காட்டினேன். கையை நீட்டினேன். "அம்மா! வந்துவிட்டாயா?" என்று அந்தப் பிள்ளையின் இழுவையோடு கேட்டேன். தலையைச் சாய்த்தேன்.

பிறகு என்மேல் ஒரு பாரம் வந்து விழுந்தது. பெரியம்மா என்னை அள்ளி எடுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். தேங்காயெண்ணெயும் வெங்காயமும் கலந்த ஒரு மணம். "என்ரை குஞ்சு, என்ரை செல்லமே" என்றார். அதே சொற்கள். ஆனால் இம்முறை என் காதுக்குள்.

அதன் பிறகு நான் எங்கள் ஒழுங்கையின் படக்கொட்டகை ஆகிவிட்டேன். வீட்டுக்கு யார் வந்தாலும் மாமி, "எங்கை மோனை, அந்தப் பிள்ளை செத்த மாதிரிச் செய்து காட்டு பாப்பம்" என்பார். நான் மறுத்ததே இல்லை. படுத்துக் கிடந்து, தனியே இருக்கும்போது பழகினேன். அந்தப் பிள்ளை இடது பக்கம் பார்த்த பிழையை விட்டேன். வயிற்றை அடக்கப் பழகினேன். மூச்சை இழுத்துப் பாதியில் நிறுத்தினால் வயிறு அசையாது. ஐம்பதுவரை எண்ணலாம், பிறகு எழுபதுவரை எண்ணினேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. நான் எழும்பினால் பெரியம்மா பிடியை விட்டுவிடுவார். எழும்பாதவரை விட மாட்டார். என் மூக்கில் கையை வைத்துப் பார்த்து, "போதும் மோனை, எழும்பு, எனக்குப் பயமாக் கிடக்கு" என்று கெஞ்சும்வரைக்கும் கிடப்பேன்.

எனக்காக யாரும் தோயவில்லை. உயிரோடிருக்கிற வீட்டுப் பிள்ளைக்குத் தோய்ந்தால் கெடுதல் வந்துவிடுமாம். அதற்குப் பதிலாகப் பெரியம்மா உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து எனக்கு நாவூறு கழித்து அடுப்பில் போடுவார். மிளகாய் வெடித்து முடிந்ததும் குசினி வேலை அவரைக் கூப்பிடும். வந்தவர்கள் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். நான் முற்றத்து மண்ணைச் சட்டையிலிருந்து தட்டிக்கொண்டு நிற்பேன். செத்துக் கிடக்கும்போது இருந்த பெரியம்மா, எழும்பிய பிறகு இல்லை. அது ஒரு நாளும் எனக்குப் பழகவில்லை.

யுத்தம் முடிந்து கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு ஒரு மத்தியானம் ஒருவர் வந்தார். மலாயாவில் ஐயாவோடு ஒரே விடுதியில் இருந்தவர். கதிரையின் விளிம்பில் இருந்து, தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே பேசினார். ஐயாவை யப்பான்காரன் காட்டுக்குள் ரயில் பாதை போடக் கொண்டுபோனானாம். காய்ச்சலாம். இரண்டு வருசம் ஆகிறதாம். கொண்டுவந்து தருவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்று மன்னிப்புக் கேட்டார். நான் யன்னலைப் பிடித்துக்கொண்டு நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

பெரியப்பா கோயில் ஐயரிடம் போய்க் கேட்டு வந்தார். இவ்வளவு காலம் கழித்துக் கேட்ட சாவுக்கு, அதுவும் சகலன் முறைக்கு, ஒரு முழுக்குப் போதும் என்றாராம். பெரியம்மாவும் பெரியப்பாவும் கிணற்றடிக்குப் போய்த் தோய்ந்தார்கள். அன்று மாலையே சாமி விளக்கு ஏற்றினார்கள். கிரியைகளைத் தான் செய்வதாகப் புத்தூரில் இருந்த சித்தப்பா, ஐயாவின் தம்பி, சொல்லியனுப்பினார். என்னை வரச்சொல்லவில்லை. பெற்ற பிள்ளைக்கு மட்டும் கணக்கு வேறு. எப்போது கேள்விப்பட்டாலும் முப்பத்தொரு நாள் துடக்கு.

ஆகவே அந்த வீட்டில் துடக்கு எனக்கு மட்டும்தான். வீட்டுச் சுவரோடு இறக்கியிருந்த சாய்ப்பில் எனக்கு ஒரு பாய் போட்டார்கள். தனிக் கோப்பை. சாமி அறைக்கும் குசினிக்கும் போகக்கூடாது. என்னைத் தொட்டால் தோய வேண்டும் என்பதால் பெரியம்மா சோற்றைக் கோப்பையில் எட்டி நின்று போடுவார். வெள்ளிக்கிழமை எண்ணெயும் இல்லை. வீடு வழமைபோல் நடந்தது. தேங்காய் துருவுகிற சத்தம், பெரியப்பாவின் பகிடி, கோயில் மணி. செத்த வீடு நானிருந்த சாய்ப்பு மட்டும்தான். செத்த வீட்டில் அழுவதற்கு ஆள் வேண்டும், கட்டிப்பிடிக்க ஒரு தோள் வேண்டும். எனக்கு அது இல்லை.

நான் அழவும் இல்லை. துக்கம் கேட்க வந்த பெண்கள் எட்ட நின்று என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு விளங்கேல்லைப் போலை" என்று தங்களுக்குள் கதைத்தார்கள். எனக்கு எல்லாம் விளங்கியது. ஆனால் எனக்குத் தெரிந்த அழுகை படத்துப் பிள்ளையின் அழுகை. அதை ஐயாவுக்கு எப்படிக் கொடுப்பது? அதோடு எனக்கு ஒரு சந்தேகமும் இருந்தது. காட்டுக்குள் கிடந்த ஐயாவின் வயிற்றை யாராவது சரியாகப் பார்த்தார்களா? எல்லோரும் முகத்தைத்தானே பார்ப்பார்கள். அவரும் எழுபதுவரை எண்ணிக்கொண்டு கிடந்திருக்கலாமே என்று நான் நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

இருபதாவது நாளளவில், வீட்டுக்குப் பின்னாலிருந்த வாழைத்தோட்டத்துக்குப் போனேன். வெயில் தாழ்கிற நேரம். தண்ணீர் பாய்ந்து காய்ந்த வாய்க்காலில் படுத்தேன். ஐயா எப்படிச் செத்திருப்பார் என்று அறிய விரும்பினேன். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். கையை நீட்டினேன். தலையைத் தூக்கினேன். அம்மா என்று தொடங்கத்தான் வாயைத் திறந்தேன்.

"ஐயா, வந்திட்டியளே?"

படலை திறந்தது, கொலர் கன்னத்தில் உரசியது. அதற்குப் பிறகு மூச்சை அடக்க முடியவில்லை. வயிறு துள்ளியது. வாய்க்கால் மண் வாய்க்குள் போனது. "ஐயா, வந்திட்டியளே, வந்திட்டியளே" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக் குளறினேன்.

மாமி வளவுக் கிணற்றடியில் அளவெட்டியிலிருந்து வந்த அவருடைய உறவுப் பெண்கள் இருவர் நின்றார்கள். மாமி அவர்களை வேலியில் இருந்த பொட்டுக்குள்ளால் நுழைந்து கூட்டிக்கொண்டு ஓடிவந்து, எட்ட ஒரு வாழையடியில் நின்றார். "நான் சொன்னன் எல்லே? இதுதான் அந்தப் பிள்ளை. படத்திலை செத்த மாதிரி அப்பிடியே செய்யும்" என்றார். வந்தவர்கள் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "படத்துப் பிள்ளையிலும் இது திறம்" என்றார்கள். எனக்கு அது கேட்டது. எழும்பி, இது நடிப்பில்லை என்று சொல்லத் தோன்றவில்லை. சொன்னால் யார் நம்பியிருப்பார்கள்? மாமி எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பி, "ஓடியாங்கோ, உங்கடை பிள்ளை படம் காட்டுது" என்று கூப்பிட்டார்.

பெரியம்மா ஈரக் கையோடு வந்தார். வந்தவர் வாழைகளுக்கு நடுவில் நின்றுவிட்டார். நான் கூப்பிட்ட பெயர் அவருக்குக் கேட்டது. படத்தில் பிள்ளை யாரைக் கூப்பிட்டது என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர்கள் அந்த ஒழுங்கையில் யாரும் இல்லை.

அவர் வாய்க்காலுக்குள் இறங்கி மண்ணில் இருந்தார். என்னைத் தூக்கி மடியில் போட்டார்.

"அய்யோ, உதுக்குத் துடக்கெல்லே! தொட்டுப்போட்டியள்!" என்றார் மாமி.

பெரியம்மா நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "நீங்கள் போங்கோ" என்றார். ஒப்பாரி சொல்லவில்லை, நெஞ்சில் அடிக்கவில்லை. என் வாயிலிருந்த மண்ணைத் தன் விரலால் வழித்து எடுத்தார். அவருடைய வயிறு என் முதுகில் முட்டி முட்டி விலகுவதை வைத்துத்தான் அவர் அழுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் அழுது முடிந்து, விக்கலும் நின்று, நெடுநேரம் ஆன பிறகும் அவர் பிடியை விடவில்லை. பிறகு என்னை நடத்திக்கொண்டுபோய்ச் சாய்ப்பில் என் பாயிலேயே தானும் இருந்தார். கிணற்றடிப் பக்கம் போகவே இல்லை.

பொழுதுபட்டது. பெரியப்பா கோயிலுக்குப் போகத் தோய்ந்து, திருநீறு பூசி, சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சாமி அறை இருட்டாகக் கிடப்பதைக் கண்டு அங்கேயே நின்றார்.

"என்ன, இண்டைக்கு விளக்கு வைக்கேல்லையோ?"

"எங்களுக்குத் துடக்கு" என்றார் பெரியம்மா.

பெரியப்பா ஏதோ பகிடி சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், நான் கிடந்த மடியைப் பார்த்தார். பிறகு சால்வையை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, வந்து எங்கள் பாயின் ஓரத்தில் இருந்தார்.